ஸ்பிரேயர் பேட்டரியில் ஓடிய அம்மு

அக்காவின் மாமனார் கத்தரிக்கு மருந்தடித்துவிட்டு, முதுகிலிருந்த ஸ்பிரேயரைக் களத்தில் இறக்கி வைத்த நிமிடத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. ஸ்பிரேயருக்குள் இருப்பது பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. அக்காவின் இடுப்பில் இருப்பது அம்மு. இரண்டையும் சேர்த்தால்? (பிறந்த ஞானத்தை அப்போதே தட்டித் தூங்க வைத்திருக்கலாம்.)

அக்கா மகள் அம்முவுக்கு மூன்று வயது. மூளை முடக்குவாதம். உட்காரவே முட்டுக் கொடுக்க வேண்டும். யார் இடுப்பு எங்கே போகிறதோ அங்கேதான் அவளும் போவாள். “கோழி பாக்கலாமா?” என்று நாங்களே கேட்டு, நாங்களே சரி சொல்லி, நாங்களே தூக்கிக்கொண்டு போவோம். இந்த வயதிலேயே தானாக நகரக் கிடைத்தால் குழந்தைக்கு ஆசையும் வளரும், பேச்சும் வளரும் என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தார்.

அம்முவுக்கு ஒரு பேட்டரி வண்டி செய்கிறேன் என்றேன். மாமா, அதாவது அந்த மாமனார், நம்பவில்லை.

“நடக்கப் பழகோணும்னு இருக்கற கொழந்தைய வண்டில உக்கார வெச்சா, காலு எதுக்குன்னே மறந்து போயிருங்கண்ணு. ஒருக்கா ஓட்டிப் பாரு. சரிப்படலீனா வண்டி அட்டாலிக்குப் போயிரோணும்.” (அட்டாலி என்றால் பரண்.)

கோயமுத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவளுக்கு ஒரு வாய்ப்பு போதாதா? பக்கத்து வீட்டில் சலித்துப் போட்ட பொம்மைக் காரை வாங்கினேன். முதுகுக்குப் பலகை, பக்கங்களில் ஸ்பாஞ்ச், நெஞ்சுக்கு பெல்ட். ஸ்டியரிங்கை நேராகக் கட்டிப்போட்டேன். மடிக்கு மேலே ஒரு தட்டு, அதில் காலிங் பெல் சுவிட்ச், சுவிட்சின் மேல் ஊறுகாய் பாட்டில் மூடி. அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும்.

காரோ ஆறு வோல்ட் கார்; நான் மாட்டியதோ ஸ்பிரேயரின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. காலிங் பெல் சுவிட்சோ மணியடிக்கப் பிறந்தது. மோட்டார் இழுக்கிற கரண்டைத் தாங்காது. இது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, களம். மறுநாள் லாரிக்குப் போக வேண்டிய நெல்லை மாமா ஓரமாகக் குவித்து வைத்திருந்தார். நடுவில் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், குத்தவைத்துக் கை நீட்டினார்.

“வாடி தங்கம்!”

அம்முவின் கை மூடிக்கு வந்து சேர வெகுநேரம் ஆனது. வந்தது. அமுக்கியது.

“அய்யோ, போறா பாரு!” என்றாள் அக்கா.

போனாள். மச்சானையும் தாண்டிப் போனாள். கை எப்போதோ மூடியை விட்டுவிட்டது. உள்ளே சுவிட்ச்தான் சூட்டில் ஒட்டிக்கொண்டு விடவில்லை.

“நிறுத்து புள்ள!”

“அது நிக்காதுக்கா!” என்று கத்திக்கொண்டே ஓடி, நெல்லில் வழுக்கிக் குப்புற விழுந்தேன். கார் குவியலுக்குள் பாதி முகம் புதைந்து, பின்சக்கரங்கள் நெல்லை வாரி மாமாவின் மேல் இறைத்தன. மச்சான் பாய்ந்து வயரைப் பிடுங்கினார்.

அக்கா பதறிப்போய் அம்முவைத் தூக்கினாள். அம்மு அழவில்லை. சிரித்தாள். அதோடு, பிறந்ததிலிருந்து மறுக்காத அந்த இடுப்பில் தங்க மாட்டேன் என்று விறைத்தாள். திரும்ப உட்கார வைத்ததும் மூடியைத் தட்டினாள். ஓடவில்லை. மறுபடி தட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, “ஆவ்!” என்று ஓர் அதட்டல். கேட்கும் முன்பே எல்லாம் வாய்க்கு வந்துவிடும் குழந்தை, முதல்முறையாக ஒன்றைக் கேட்டது.

மாமா மீசையிலிருந்த நெல்லைத் தட்டினார்.

“ஏங்கண்ணு, உன்ற காலேஜ்ல ஓட்டறதுக்கு மட்டுந்தான் சொல்லித் தந்தாங்களா? நிறுத்தறது வேற காலேஜா?”

நான் மெதுவாகக் கேட்டேன். “அப்ப அட்டாலிங்க மாமா?”

“அட்டாலில எடமில்ல. நல்ல சுவிட்சாப் பாத்துப் போடு.”

இப்போதெல்லாம் நான் பேச ஆரம்பித்தால் அக்கா வீட்டில் யாராவது ஒருவர், “சுவிட்ச் ஒட்டிக்கிச்சு, வயரப் புடுங்குங்க” என்கிறார்கள்.

புது சுவிட்ச், ஆறு வோல்ட் பேட்டரி, என் கையில் வண்டியை அவசரமாக நிறுத்த ஒரு பொத்தான். எல்லாம் போட்டாயிற்று. வண்டி சொன்ன பேச்சுக் கேட்கிறது. ஆனால் ஓடும்போதெல்லாம் அம்முவின் கண் இடப்பக்கம் ஆட்டுப்பட்டியிலேயே இருக்கிறது. அவளுக்குக் கோழி பிடிக்கும் என்று முடிவு செய்தது நாங்கள்தானே, அவளை யார் கேட்டது? அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது மூடி: இடது பக்கம் திருப்ப. மாமா இப்போதே நெல்லைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆடுகளுக்கு யார் தகவல் சொல்வது என்பதுதான் பாக்கி.