சோதனைச்சாவடிக்கு எந்தப் பக்கம்?

இளவயதில் எனக்கு நியாய உணர்ச்சி ரொம்ப அதிகம். ஒரே குறை, களியக்காவிளை சோதனைச்சாவடியைத் தாண்டினால் அது அப்படியே தலைகீழாகிவிடும்.

எங்கள் ஊர்க் கோளாறு அது. கேரளத்துப் பாறசாலையில் எங்கள் கட்சிக்காரர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசமாட்டோம். பஸ் ஏறிப் பத்து நிமிடத்தில் தமிழ்நாட்டுக்குள் இறங்கினால் இரண்டு பேரும் ஒரே கூட்டணி, ஒரே பிரசார ஜீப். நான் இரு பக்கமும் பேச்சாளன். எதிர்க்கட்சிக்காரர் மேல் புகார் வந்தால் காலையில் பாறசாலையில், "ராஜினாமா செய்!" என்று மைக்கைக் கடிப்பேன். அதே கட்சிக்காரர் மேல் களியக்காவிளையில் புகார் வந்தால் சாயங்காலம், "ஆதாரம் எங்கே? எல்லாம் சதி!" என்பேன். (வெட்கமா? கிலோ என்ன விலை!)

இந்த லட்சணத்தில்தான் குன்னத்துகாலுக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண் பெயர் ஷைனி, அரசாங்க ஆபீசில் வேலை. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

"எலே மக்கா, அங்க வச்சு அரசியல் பேசாத. சாயாவக் குடிச்சிட்டு சும்மா இரி" என்று செல்வராஜ் மாமா வழியெல்லாம் கெஞ்சினார்.

சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸும் வந்தன. "பிள்ளைய ரெண்டும் தனியாப் பேசட்டு" என்று ஷைனியின் அப்பா எங்களை அடுத்த அறைக்கு அனுப்பினார். நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும்.

ஷைனி நேராக விஷயத்துக்கு வந்தாள். "ஒரு கட்சித் தலைவரு ஆபீசுக்கு வந்து, பொய் சர்டிபிகேட் தரச் சொல்லி ஒரு பிள்ளைய விரட்டினாரு. அவ அழுதா. நீங்க என்ன சொல்லுவிய?"

"எந்தக் கட்சி?" என்றேன்.

எதிர்க்கட்சியின் பெயரைச் சொன்னாள். வாயைத் திறந்தேன். சந்தேகம் வந்து மூடினேன். "அது... சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

திரைக்குப் பின்னால் வீடே வெடித்துச் சிரித்தது. மாமாவுக்குச் சிப்ஸ் புரையேறியது. ஷைனி மட்டும் சிரிக்கவில்லை.

"அழுதது நானாக்கும். பக்கம் தெரிஞ்சாத்தான் நம்புவியளோ?"

கூசிப்போனேன். ஒரு பெண்ணின் கண்ணீருக்கு முகவரி கேட்டிருக்கிறேனே, பாவி!

"அவரு எந்தப் பக்கமானாலும் செஞ்சது தப்புதான்" என்றேன்.

"இத மைக்கில சொல்லுவியளா? ரெண்டு பக்கமும்?"

"சொல்லுவேன்."

சொன்னேன். பாறசாலையில் கைதட்டினார்கள். களியக்காவிளையில் அதையே சொன்னதும் மைக்கைப் பிடுங்கி, ஜீப்பிலிருந்தும் இறக்கிவிட்டார்கள். நடந்தே திரும்பினேன். சோதனைச்சாவடி அருகே ஷைனி ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். "நீங்க பேசினதக் கேட்டேன். ஏறுங்க" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். போன வாரம் சின்னவள் அழுதுகொண்டே ஓடிவந்தாள். அண்ணன் அடித்துவிட்டானாம். "எலே, இங்க வா!" என்று கத்தினேன். பயல் அசையவில்லை.

"அப்பா, நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வச்சாக்கும் அடிச்சேன்."