நீலத்தலை ஊசியும் பாதித் தாடியும்

நுரைக்கடல் கடைந்த கையினர், ஆயிரம் கழுத்தருகே கத்தி வீசியும் ஒரு துளி உதிரம் சிந்தாத அறத்தினர், ஆஸ்திரேலிய விக்டோரியாவின் கோதுமைச் சமவெளியில் வாரகூல் என்னும் சிற்றூரைத் தாடிப்பகையினின்று காத்தருளிய சவரச் சக்கரவர்த்தி ஆம்புரோஸ் டிரான்டர் வாழ்க! அவர் கடைச்சுவரும், அதில் தைத்த ஊசிகளும் வாழ்க!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்காம் ஆண்டு ஆகஸ்டில் மன்னர்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்த அன்றே, டிரான்டர் தம் சுவரில் ஐரோப்பாவின் வரைபடத்தை அறைந்தார். படைகளுக்கேற்ப அதில் ஊசி நகர்த்தும் உரிமைக்கு உடனே ஒரு பகைவர் எழுந்தார்: மெல்போர்ன் ரயிலில் வரும் செய்தித்தாளை ஊரில் முதலில் பிரிக்கும் பேறுபெற்ற நிலைய அதிபர், ஈனோக் பாஸ்கோ. பெல்ஜியம் வீழ்ந்ததும், கலிப்போலியைக் கைவிட்டதும், ரஷ்யா விலகியதும் அக்கடையில் இருமுறை நடந்தன. ஒருவர் குத்தியதை மற்றவர் பிடுங்கிக் குத்துவார்.

ஓர் ஊசியை மட்டும் பாஸ்கோ தொட்டதில்லை. அது திருமதி டிரான்டரின் தொப்பியிலிருந்து கழற்றிய நீலத்தலை ஊசி; அதுவே போருக்குப் போன ஒரே மகன் ராய். கடிதமெழுதச் சோம்பும் ராயின் ஒரே கடிதத்தில் ஊர்ப்பெயர்களையெல்லாம் தணிக்கை அதிகாரி கத்தரித்திருந்தார். தொழிலறிந்த டிரான்டரே மெச்சும் வெட்டு அது. ‘ஆறு’, ‘சேறு’ என்னும் இரு சொற்களே துப்பாக எஞ்சின. அவற்றைக்கொண்டு தந்தை மகனைப் பிரான்சில், சோம் ஆற்றங்கரைப் பெரோன் நகரில் நிறுத்தினார்.

பதினெட்டாம் ஆண்டு மார்ச்சில் ஜெர்மானியப் படை வெள்ளமெனப் புரண்டு பெரோனை விழுங்கிற்று. செய்தி படித்த பாஸ்கோ, பாதி முகம் மழித்தும் பாதி முகம் நுரைத்தும் இருந்த கோலத்திலேயே நாற்காலியிலிருந்து சிங்கமென எழுந்து நீலத்தலை ஊசியை நோக்கி விரல் நீட்டினார். சோப்புத் தூரிகை ஏந்திக் குறுக்கே பாய்ந்தார் டிரான்டர். கிண்ணம் உருண்டது, நுரை பறந்தது, போலந்து முழுவதும் சோப்பாயிற்று.

“யோவ், அங்க இப்ப எதிரி இருக்கான்யா! உன் பையனைப் பின்னால நகர்த்து!”

“பிடுங்குற நேரத்துல அவன் எங்கயுமே இல்லாம போயிடுவான்யா. தொடாத!”

பாஸ்கோவுக்கு இரக்கம் வந்தது. ஆனால் மானம் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

“அப்ப அந்த ஊசி சுவத்தை விட்டு இறங்குற வரைக்கும் இந்தப் பாதியில கத்தி படாது!” என்று முழங்கி வெளியேறினார்.

அன்றுமுதல் கிழக்கிலிருந்து ரயிலில் வந்தோர் நடைமேடையில் ஓர் அதிகாரியைக் கண்டனர். மேற்கிலிருந்து வந்தோர் ஒரு முனிவரைக் கண்டனர். செப்டம்பரில் பெரோன் மீண்டது.

“பாத்தியா? ஊசி நகரல. போர்தான் திரும்பி வந்துச்சு!” என்றார் டிரான்டர்.

நவம்பரில் பீரங்கிகள் ஓய, ஊரே தெருவிலிறங்கி ஆடியது. டிரான்டர் ஆடவில்லை, ராயிடமிருந்து ஒரு வரியும் வராததால் அவருக்குப் பயமாக இருந்தது. அடுத்த ஜூனில் வல்லரசுகள் சமாதானத்தில் கையெழுத்திட்டபோதும் ஊசி இறங்கவில்லை, தாடியும் இறங்கவில்லை.

ஜூலையில் ஒருநாள் ராய் ரயிலிலிருந்து இறங்கினான். அவன் பையைத் தாமே சுமந்து கடைக்குள் கொண்டுவந்தார் பாஸ்கோ. ‘இதுதான் நீ’ என்று தந்தை நீலத்தலை ஊசியைக் காட்ட, ராய் வரைபடத்தை உற்றுப் பார்த்தான்.

“இது எந்த ஊருப்பா? நான் பிரான்சுக்கே போகலையே. ரெண்டு வருசமும் இங்கிலாந்து முகாம்ல உருளைக்கிழங்குதான் உரிச்சேன்.”

தளபதிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். டிரான்டர் மகனின் தோளை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையால் நீலத்தலை ஊசியைப் பிடுங்கினார். பாஸ்கோ நாற்காலியில் அமர்ந்து, பதினைந்து திங்கள் வளர்ந்த பாதித் தாடியை வெற்றித் திறையென நிமிர்த்தி நீட்டினார்.

மகனின் தோளைப் பற்றிய கையை எடுக்க மனமில்லாததால் டிரான்டர் அன்று யாருக்கும் சவரம் செய்யவில்லை.