பலகையின் ஐந்தாவது பெயர்

பந்தயக் குதிரை வளர்க்கும் குடும்பங்களில் வரலாறு சொல்பவர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் கெண்டக்கியில் வேலிக்கு ஒருவர் கிடைப்பார். நீங்கள் வழி கேட்கத்தான் வண்டியை நிறுத்தியிருப்பீர்கள்; அவர் உங்களைக் குதிரை லாயத்துக்கு அழைத்துப் போய், ஒரு குட்டியைக் காட்டி, இதன் அம்மா சில்வர் திம்பிள், அவளுடைய அம்மா ரெய்னி கேட், அவளுடைய அம்மா ஆன்ட்டி பிக்கிள் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பார். பொழுது சாய்ந்துவிடும். வழியை மட்டும் சொல்ல மாட்டார்.

வெண்டல் புரூவிட் இந்த இனத்தில் கலப்பே இல்லாதவர்.

அன்று பண்ணை வாசல் பலகையில் ஐந்தாவது பெயர் எழுத, கூடப் படித்த ஆர்விலை வரவழைத்திருந்தார். முதல் நான்கும் கொள்ளுத்தாத்தா தொடங்கி வெண்டல் வரை, பண்ணையை நடத்திய ஆண்கள். ஐந்தாவது, அடுத்து நடத்தப்போகிறவர்: தம்பி மகன் சிப். நகரத்தில் காப்பீடு விற்கிறான். வைக்கோலைக் கண்டாலே தும்முவான். இருந்தாலும் ஆண் பிள்ளை. வெண்டலின் ஒரே மகள் லோர்னா, பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து, குட்டி போடும் குதிரைகளோடு லாயத்திலேயே படுத்து எழுபவள், பண்ணையைத் தனக்குத் தரும்படி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள். இப்போது ஆர்வில் ஏறியிருந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேய்ச்சல்ல நிக்கிற அந்த ரெண்டு குட்டிக்கும் ஒரே அப்பாதானே? அப்போ அண்ணன் தம்பியா?" என்றார் ஆர்வில்.

வெண்டல் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"டேய், இந்த ஊர்ல பொறந்துட்டுப் பேசுற பேச்சா இது? அந்த அப்பனுக்கு வருஷத்துக்கு நூறு புள்ளைங்க! அம்மா ஒண்ணா இருந்தாத்தான் கூடப்பொறந்தது. குதிரைக்குக் குடும்பம்னா அம்மா வழி. அப்பன் வருவான், போவான்."

"அப்படியாப்பா?" லோர்னா ஏணியை விடவில்லை. "பலகையில முதல் பேரு உங்க கொள்ளுத்தாத்தா. அவரோட அம்மா பேரு என்ன?"

"அவங்க... நல்ல பொம்பளை."

"உங்க தாத்தாவோட அம்மா?"

"அவங்களும்."

"அம்மா பேரு தெரியாத குட்டியை நீங்க வாங்குவீங்களாப்பா?"

வெண்டல் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"சீக்கிரம் சொல்லுடா, பெயிண்ட் காயுது" என்றார் ஆர்வில்.

மகளைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டார் என்று எதிர்பார்க்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. ஏலத்தில் நிற்கும் குட்டியைப் பார்ப்பதுபோல அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தோள் நல்லா இருக்கு. கால் நேரா இருக்கு. இவ அம்மா வழியில எல்லாரும் ராத்திரி முழிச்சு வேலை பாக்குறவங்க. சிப்போட அம்மா வழியில மொத்தமும் தும்மல். லோர்னான்னு எழுதுடா. நான் எப்பவோ முடிவு பண்ணினதுதான்."

லோர்னா ஏணியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் குடும்பப் பெருமையையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: தாத்தா, அவருடைய அப்பா, அவருடைய அப்பா. சரளமாக வருகிறதல்லவா? சரி, உங்கள் பாட்டியின் அம்மா பெயர் என்ன?

யோசியுங்கள், அவசரமில்லை. ஆர்வில் இன்னும் ஏணியில்தான் நிற்கிறார்.