தலைக்கு மேல் ஒரு பீம்

ஒரு பரீட்சையில் தேறியவனுக்கு உடனே தொற்றும் நோய், ஆலோசனை சொல்வது. எனக்கு அது கடுமையாகவே தொற்றியிருந்தது.

கட்டடக்கலை படித்து முடித்தாலும், 'கட்டடக் கலைஞர்' என்று பெயர்ப்பலகை மாட்டுவதற்குத் தொழில் தகைமைக்கான எழுத்துப் பரீட்சையையும் நேர்முகத்தையும் தாண்ட வேண்டும். நான் எழுத்துப் பரீட்சையை மட்டும் தாண்டியிருந்தேன். (இரண்டாவது தடவையில்தான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) அந்தத் தைரியத்தில், எனக்குப் பின் படித்து முடித்த தரணிக்கும் நிசாமுக்கும் வழிகாட்டியானேன். சனிக்கிழமைகளில் புளியந்தீவில் கூடுவோம். நான் பேசுவேன், அவர்கள் பாவம், எழுதுவார்கள்.

ஒருநாள், "வாங்க, வேலை நடக்கிற இடத்தையே காட்டுறன்" என்று தேற்றாத்தீவுக்குக் கூட்டிப் போனேன். கட்டாரில் உழைத்துவிட்டு வந்த என் மாமா அங்கே மாடிவீடு கட்டிக்கொண்டிருந்தார். வரைபடம் என்னுடையது. மறுநாள் மேல்தளத்துக்குக் கொங்கிறீற் போடுவதற்காகப் பலகை அடித்து, கம்பி கட்டி வைத்திருந்தார்கள்.

படியில் நான் முன்னே ஏறினேன். "நேர்முகத்தில கட்டாயம் கேப்பாங்க, வரைபடத்தை எப்பிடிச் சரிபாக்கிறீங்க எண்டு. நான் எப்பவும்..."

பின்னால் 'டொக்' என்றது. நிசாம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். மேல்தளத்தைத் தாங்கப்போகும் பீமுக்கு அடித்த பலகையில் முட்டியிருக்கிறான்.

"வேலைத்தளத்தில கண்ணைத் திறந்து நடக்கோணும் தம்பி."

"திறந்துதான் வந்தன் அண்ணே. இது நெத்திக்கு நேரா நிக்குது."

தரணி அளவு டேப்பை எடுத்து, படிக்கட்டுக்கும் பீமுக்கும் நடுவே பிடித்தாள். "அண்ணா, படிக்கு வெட்டுமுகம் கீறினீங்களா?"

படியைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதுபோல் வரையும் படம் அது. தலைக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அதில்தான் தெரியும். வீட்டை எல்லாப் பக்கத்தாலும் வெட்டியிருந்தேன், படியைத் தவிர. நிசாம் நெட்டை, நானோ குள்ளன். எத்தனையோ தரம் அதில் ஏறி இறங்கியும் என் தலைக்கு ஒன்றும் எட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா தேநீரோடு வந்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர்.

"என்ன மனே, நாளைக்குப் போடலாந்தானே?"

'ஓம்' என்று சொல்லத்தான் வாய் துடித்தது. இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இல்ல மாமா. நான் பிழை விட்டுட்டன்."

மாமா படியேறி, பலகையில் நெற்றியை வைத்துப் பார்த்தார்.

"நல்ல காலம், இன்னும் பலகைதான்" என்று சிரித்தார். "கொங்கிறீற் எண்டா சாகுமட்டும் என்ட வீட்டுக்க நானே குனிஞ்சு போயிருப்பன்."

பீமைப் பின்னுக்குத் தள்ளும் வழியைத் தரணி அங்கேயே வரைந்தாள். பொறியியலாளர் வந்து பார்த்து, "செய்யலாம்" என்றார். அதன் பிறகுதான் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தேன்.

நேர்முகத்தில், "நீங்கள் விட்ட பிழை ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார்கள். சொன்னேன்.

"யார் கண்டுபிடித்தது?"

"நண்பனுடைய நெற்றி, சேர்."

சிரித்தார்கள். தேறிவிட்டேன்.

பின்னர் தரணியும் நிசாமும் தேறினார்கள். சொந்தக்காரர் யாராவது வீடு கட்டப் போவதாகச் சொன்னால் மாமா இன்றைக்கும் சொல்லுவார்: "படத்தை இவனே கீறட்டும். ஆனா கொங்கிறீற்றுக்கு முதல் அந்த நெட்டைப் பொடியனை ஒருக்கா உள்ள நடக்க விடுங்க."

போன மாதம் என் சொந்த வீட்டு வேலைக்கு நானே நிசாமைக் கூப்பிட்டேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தான்.