மாமாவின் காரில் ஒட்டிய மணமக்கள்

பெரிய பிரிண்டர் வாங்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். மெஷின் என்ன வேகம், எத்தனை ஹெட், இங்க் வெயில் தாங்குமா என்று விற்பவரைத் துளைத்தெடுப்பார்கள். ஸ்டிக்கருக்குப் பின்னால் இருக்கும் பசையைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

ஆரப்பாளையத்தில் ஸ்டிக்கர் கடை போடுவதற்கு முன் பல மாதம் பிரிண்டர் பார்த்தேன். வெறும் பேனர் மெஷின் வேண்டாம், வினைல் ஸ்டிக்கரில் முகம் துல்லியமாக விழ வேண்டும், இங்க் நாறக்கூடாது என்று ஏகப்பட்ட நிபந்தனை. (பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இத்தனை கேட்டதில்லை.) கடைசியில் நாற்றம் குறைந்த இங்க் ஓடும் ஒரு எகோ சால்வென்ட் மெஷினை இறக்கினேன். வினைல் ரோல் வாங்கத்தான் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பெர்மனென்ட் பசையாண்ணே, பின்னால உரிச்சா வர்ற பசையா?" என்றார் ரோல் கடைக்காரர்.

"நம்மகிட்ட எல்லாமே பெர்மனென்ட்தான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

முதல் பெரிய வேலை சொந்தத்திலேயே அமைந்தது. என் தாய்மாமா தல்லாகுளத்தில் வக்கீல். அவர் மகள் கவிதாவுக்கும் வாடிப்பட்டி செந்திலுக்கும் வைகாசியில் கல்யாணம். மாமாவின் வெள்ளைக் காரை அலங்கரிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். பூவெல்லாம் பழைய பாணி என்று சொல்லி, இரண்டு பக்கமும் கதவு நிறைய மணமக்களின் சிரித்த முகங்களை ஒட்டினேன். சுற்றி ஒரு சிவப்பு இதயம். கீழே, 'என்றென்றும் இணைபிரியாமல்'.

"இம்புட்டு தத்ரூபமா இருக்கேடா!" என்று அத்தை கண் கலங்கினார். வந்தவர்களெல்லாம் காருக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். நான் பந்தியில் விசிட்டிங் கார்டு பரிமாறினேன்.

மாமாவுக்குக் கோர்ட் விடுமுறை. மறுவீடு, விருந்து என்று ஊர் ஊராகப் போய் கார் வெயிலில் நின்றது. விடுமுறை முடியும் நேரத்தில் மாமா போன் செய்தார்.

"மாப்ள, திங்கக்கெழம கோர்ட்டு தொறக்குது. வந்து உரிச்சு விட்டுட்டுப் போ."

"இந்தா வாரேன் மாமா. அஞ்சு நிமிஷ வேலை."

நகத்தால் சுரண்டினேன், அசையவில்லை. அத்தையின் ஹேர் டிரையரால் சூடு காட்டி இழுத்தேன். கவிதாவின் நெற்றி வந்தது. கூடவே காரின் பெயின்ட்டும் வந்தது. அந்தக் கதவு எப்போதோ இடிபட்டு மறுபெயின்ட் அடித்தது என்பதை மாமா அப்போதுதான் சொன்னார்.

"ஏன் நிறுத்திட்ட?"

"இதுக்கு மேல இழுத்தா வெறும் தகரம்தான் மாமா மிஞ்சும்."

"அப்ப?"

"நம்ம வினைல் அம்புட்டுத் தரம் மாமா." (ஆறுதலாகத்தான் சொன்னேன்.)

மாமா ஹேர் டிரையரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பெயின்ட் பட்டறையில் உடனே இடம் கிடைக்கவில்லை. மாமா அந்தக் காரிலேயே கோர்ட்டுக்குப் போனார். மாமாவிடம் வருவதெல்லாம் பெரும்பாலும் விவாகரத்து வழக்குகள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கட்சிக்காரப் பெண் காரில் ஏற வந்தவர், கதவில் இருந்த வாசகத்தைப் படித்துவிட்டு, "நான் ஆட்டோல வாரேன் சார்" என்று திரும்பிவிட்டாராம். எதிர்த்தரப்பு வக்கீல், "என்னண்ணே, சமாதானமாப் போயிரலாம்கிறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம்.

யாரோ எடுத்த போட்டோ வாடிப்பட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. கவிதா போனில் கத்தினாள்.

"அவருக்கு மட்டும் நெத்தி இருக்கு. எனக்கு எங்க?"

"அவரு பக்கம் இன்னும் ஆரம்பிக்கலம்மா."

ஒருவழியாகப் பட்டறையில் இடம் கிடைத்ததும், என் செலவில் கதவுகளைத் தேய்த்துப் புதிதாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம் கடைக்கு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "எப்ப உரிக்கணும்?" கல்யாண ஆர்டரோடு வரும் பெண்வீட்டார் சிலர், இதைக் கேட்டதும் எழுந்து போயிருக்கிறார்கள்.

போன தீபாவளிக்குக் கவிதா செந்திலோடு சண்டை போட்டுக்கொண்டு, பெட்டியோடு தல்லாகுளத்தில் வந்து இறங்கினாள். மாமா சமாதானம் பேசவில்லை. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அத்தையிடம், "ஸ்டிக்கர் கடை மாப்ளைக்குப் போனப் போடு. வந்து மறுபடி ஒட்டி விடட்டும்" என்றார்.

கவிதா சிரித்துவிட்டாள். சாயங்காலமே செந்தில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். மாமாவின் கார் வேண்டாமென்று, பஸ்ஸில்தான்.