மெயின்ஃப்ரேமுக்குள் மச்சான்

பழைய பொருளைக் காப்பாற்றக் கிளம்புகிறவனைக் காப்பாற்ற இந்த உலகத்தில் ஒருத்தரும் இல்லை. இதை நான் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய ரேடியோ, பழைய கடிகாரம் என்று சேர்க்கிறவர்களுக்கு ஒரு ஷெல்ஃப் போதும். எனக்குப் பிடித்துத் தொலைத்தது பழைய கம்ப்யூட்டர். அதுவும் மேஜை மேல் சமர்த்தாக உட்காருகிற ரகம் இல்லை. இரண்டு பீரோவை ஒட்டி வைத்த அளவில் நிற்கிற ரகம்.

தொண்ணூறுகளில் பெங்களூரில் ஆளாளுக்குப் புதுக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். என்னோடு படித்தவர்கள் விசா வரிசையில் நின்ற காலத்தில், நான் எஸ்.பி. ரோடில் குஜிரி என்கிற பழைய சாமான் கடைகளின் மூட்டைகளைக் கிளறி, செத்துப்போன மெஷின்களுக்குக் கெப்பாசிட்டர் தேடிக்கொண்டிருந்தேன். ஜோகுபாளையத்தில் எங்கள் வாடகை வீட்டுப் பரண் முழுக்கப் பஞ்ச் கார்டுக் கட்டுகள். கட்டிலுக்கு அடியில் டேப் சுருள்கள். சுருள் வைக்கிற வட்ட டப்பாக்களில் என் மனைவி செல்வி முறுக்குப் போட்டு வைத்தாள். ("காத்தே புகமாட்டேங்குது. நீங்க கொண்டாந்ததிலேயே இது ஒண்ணுதான் உருப்படி.") டேப்பை மொட்டைமாடியில் வடாம் காயும்போது காக்காய் விரட்டக் கட்டினாள். நான் பத்திரப்படுத்த வந்தவன் என்று எடுத்துச் சொன்னேன். வடாமைப் பத்திரப்படுத்துகிறேன் என்று அவளும் சொன்னாள்.

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் (பேர் வேண்டாம், இன்னும் பென்ஷன் வருகிறது) கேன்டீனுக்குப் பின்னால் ஒரு ஹால் இருந்தது. அதில் அறுபதுகளில் வாங்கிய மெயின்ஃப்ரேம் ஒன்று பல வருஷமாக நின்ற இடத்திலேயே செத்துக் கிடந்தது. முகப்பில் வரிசை வரிசையாகச் சின்ன விளக்குகள். உள்ளே பாசிமணி கோத்த மாதிரி, தலைமுடி கனக் கம்பியில் கருப்பு வளையங்களைக் கோத்துச் செய்த மெமரி. 'கண்டம்', அதாவது இனி உதவாது, என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தன்று கூட எனக்கு அப்படி ஆகவில்லை என்பதைச் செல்வி இன்றும் குத்திக் காட்டுவாள்.

ஜி.எம். ரங்கப்பா சாரிடம் போய் நின்றேன். இதைச் சரிசெய்து, அந்த ஹாலிலேயே சின்னதாக ஒரு மியூசியம் மாதிரி வைக்கலாம் சார் என்று கெஞ்சினேன். நல்ல மனுஷர். சரி என்றார். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், டியூட்டி முடிந்ததும் அந்த ஹாலே கதி என்று கிடந்தேன். எலி கடித்த ஒயர்களை மாற்றினேன். போர்டுகளைப் பல்தேய்க்கிற பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கடைசியில் ஒரு நாள் சுவிட்சைப் போட்டேன். கருகல் வாசனை வந்தது. அடியில் இருந்த பெரிய ஃபேன் ஜோராகச் சுற்றியது. அவ்வளவுதான். என் அத்தனை உழைப்பில் உயிர் பெற்றது அந்த ஃபேன் ஒன்றுதான்.

அந்தச் சமயம் பார்த்து ஹெட் ஆபீஸிலிருந்து புதிதாக வந்த டைரக்டர் அந்த ஹாலைக் கேட்டார். ட்ரெய்னிங் ரூம் ஆக்க வேண்டுமாம்.

"அவரு நேரா வந்து மெஷின பாக்கணுமாம் ரீ" என்றார் ரங்கப்பா சார், கன்னடம் கலந்த தமிழில். "ஓடற மெஷின்னா இருக்கட்டும், இல்லேன்னா குஜிரிக்குப் போடுங்கன்றாரு. ஆயுத பூஜை அன்னிக்கே வரச் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் தலை கெடுத்துக்காதீங்க முரளி." சொல்லும்போது ஒரு கண்ணைச் சுருக்கினார். தூசி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்பேர்ப்பட்ட புத்திசாலி நான்.

தலையை நன்றாகவே கெடுத்துக்கொண்டேன். மெஷின் ஓடாவிட்டால் லாரி வந்துவிடும். ஓட வைக்க என்னால் ஆகாது. ஓடுகிற மாதிரி காட்டினால்? முகப்புப் பலகையை ரிப்பேர் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய விளக்குகளுக்குப் பதில் டார்ச் பல்பு மாட்டி, சீரியல் லைட்டில் இணைத்தேன். செல்வியின் தம்பி ஏழுமலை பின்னால் நின்று பார்த்தான். பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுவதற்காகக் குடியாத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவன். தினம் காலையில் பேப்பரில் வேலை தேடுவான். டிபன் வருவதற்குள் தேடி முடித்துவிடுவான்.

"மாமா, புள்ளையார் பந்தல் மாதிரி கீது" என்றான்.

உண்மைதான். கம்ப்யூட்டர் என்றால் யோசித்து யோசித்து எரிய வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி எரிய வேண்டும். அதற்கு ஒரு மூளை வேண்டும். (சின்னதாக ஒரு சர்க்யூட் போட்டிருந்தாலே போதும். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். அந்தப் படிப்பு அன்றைக்கு லீவில் போயிருந்தது.) மெமரி ரேக்கைச் சுத்தம் செய்ய வெளியே எடுத்து வைத்திருந்தேன். ஒரு ஆள் குந்துகிற அளவுக்கு மெஷினுக்குள் இடம் காலி. நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"அடப் போ மாமா."

"சிவாஜி நகர் பிரியாணிடா."

"எத்தினி பிளேட்?"

செல்வியின் சப்பாத்திப் பலகையில் காலிங் பெல் சுவிட்சுகளை வரிசையாகப் பொருத்தினேன். என் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டேன். சங்கேதம் ரொம்பச் சுலபம். நான் வெளியிலிருந்து ஒரு தட்டு தட்டினால் எல்லா விளக்கும் எரிய வேண்டும். இரண்டு தட்டினால் மாறி மாறி மின்ன வேண்டும். மூன்று தட்டினால் அணைத்துவிட வேண்டும். மெமரி இருந்த இடத்தில் உட்காரப் போகிறவனுக்கு மெமரி கொஞ்சம் கம்மி. ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தேன். செல்விக்கு விஷயம் தெரியாது. சப்பாத்திப் பலகையைத் தேடி எதிர்வீட்டு அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

பண்டிகைக்கு லீவு என்பதால் தொழிற்சாலையில் முந்தின நாளே பூஜை. அன்று மட்டும் குடும்பத்தோடு உள்ளே வரலாம். செல்வி பட்டுப்புடவையில் வந்தாள். "ஏழு எங்கேங்க?" என்று கேட்டாள். "இங்கதான் எங்கேயோ இருந்தான்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஹாலில் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், மெஷினுக்கு மாலை, முகப்பெல்லாம் சந்தனம், குங்குமம். டைரக்டர் வந்தார். உயரமான மனுஷர், அளந்து சிரிக்கிறவர். என் திட்டப்படி அவர் வந்ததும் சுவிட்சைப் போடுவேன், தட்டுவேன், அவர் பார்ப்பார், போய்விடுவார். ஆனால் ரங்கப்பா சார் குறுக்கே வந்து, "மொதல்ல பூஜை" என்று கையைக் காட்டினார்.

புரோகிதர் மந்திரம் சொல்லி, மெஷினின் காலடியில் தேங்காயை ஓங்கி ஒரு போடு போட்டார்.

டொக்.

அத்தனை விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

கூட்டம் "ஆ!" என்றது. புரோகிதர் தேங்காய் மூடியோடு ஓரடி பின்னால் நகர்ந்தார். யாரோ கை தட்டினார்கள். செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆட்டோமேட்டிக் சார்" என்று டைரக்டரிடம் உளறிக்கொண்டே மெயின் சுவிட்சைப் போட்டேன்; ஃபேனும் சுற்றியது. ரங்கப்பா சார் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. என் காதருகே வந்து, "முரளி, ஆஃப் மாடி. பூஜை டைம்ல இது எதுக்கு?" என்றார். "பரவால்ல சார், ஓடட்டும்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

டைரக்டருக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. கிட்டே வந்து, "குட் ஓல்ட் ஸ்டீல்!" என்று பீரோக் கதவைத் தட்டிப் பார்ப்பது மாதிரி மோதிர விரலால் இரண்டு தட்டு தட்டினார். விளக்குகள் குதியாட்டம் போட்டன. சிரித்தார். அளக்காத சிரிப்பு. மறுபடி தட்டினார். நாதஸ்வரக்காரர் உற்சாகமாகி ஊத, தவில்காரர் வெளுத்து வாங்க, உள்ளே இருந்த பாவிக்கு எது தட்டு, எது தாளம் என்று தெரியவில்லை. மெஷின் தவிலுக்குத் தகுந்தபடி ஆடியது. எனக்கு வேர்த்து ஊற்றியது. ஆனாலும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அது நிஜமாகவே ஓடுகிறது என்று நானே நம்பினேன். அவ்வளவு அழகாக இருந்தது.

அப்போதுதான் சாம்பிராணி வந்தது.

கேன்டீன்காரர் தூபக்காலில் தாராளமாக அள்ளிப் போட்டு, மெஷினுக்கு முன்னால் கீழே வைத்தார். என் உழைப்பில் உயிர் பெற்ற ஒரே பொருளான அந்த ஃபேன், புகை மொத்தத்தையும் அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. ஹாலில் ஒரு பொட்டுப் புகை இல்லை.

மெஷின் இருமியது.

தவில் நின்றது. "ரிலே சத்தம் சார்" என்றேன். மெஷின் மறுபடி இருமி, மூக்கை உறிஞ்சி, ஈனக் குரலில் சொன்னது: "மாமா... கண்ணு எரியுது மாமா..."

டைரக்டர் திரும்பினார். "வாட் இஸ் இட் சேயிங்?"

ரங்கப்பா சார் நெற்றியைத் தடவிக்கொண்டே, "இட் இஸ் காலிங் ஹிம் அங்கிள், சார்" என்றார்.

பின்கதவு படாரென்று திறந்தது. புகை மண்டலத்தோடு ஏழுமலை வெளியே வந்து விழுந்தான். பனியன், கண்ணெல்லாம் சிவப்பு, கையில் சப்பாத்திப் பலகை. அந்த நிலையிலும் அவன் விரல் ஒரு சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தது, மெஷினில் ஒரு விளக்கு மட்டும் விடாமல் எரிந்தது. செல்வி முதலில் தம்பியைப் பார்த்தாள். அப்புறம் பலகையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஐயோ, என் பலகை!" என்று அலறினாள்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் தோரணம் அறுந்து விழாதது ஆச்சரியம். டைரக்டர் சிரிக்கவில்லை. ரங்கப்பா சாரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "ஸ்க்ராப்." பொரி, ஸ்வீட் எதையும் தொடாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

மத்தியானம் ரங்கப்பா சார் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

"கூத்கொள்ளி" என்று நாற்காலியைக் காட்டினார். "ஏன்ரீ முரளி, வருஷத்துல இத்தனை நாள் இருக்கப்ப, அந்த மனுஷனை நான் எதுக்கு ஆயுத பூஜை அன்னிக்கு வரச் சொன்னேன்?"

எனக்குப் புரியவில்லை.

"பூஜைக்கு வெச்ச மெஷினை எந்தப் பைத்தியக்காரனாவது ஓட்டுவானா? சந்தனம் பூசி, மாலை போட்டு, சும்மா நிக்க வெச்சிருந்தா போதும். 'இன்னிக்குத் தொடக்கூடாது சார், வர்க்கர்ஸ் சென்டிமென்ட்'னு சொல்லி, கைல ஸ்வீட் பாக்ஸ் குடுத்து அனுப்பியிருப்பேன். மெஷின் இங்கேயே இருக்கட்டும்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பாரு. இது ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? நான் ட்ரெய்னியா இதுகிட்டதான்ரீ குப்பை கொட்டினேன். அந்தக் காலத்துலயே இது பாதி நாள் படுத்துக்கும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கும் அது இருக்கணும்னுதான் ஆசை."

திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

லீவு முடிந்து தொழிற்சாலை திறந்ததும் லாரி வந்தது. கடப்பாரையால் நெம்பி நெம்பிக் கழற்றினார்கள். நான் பிரஷ் போட்டுத் துடைத்த போர்டுகளைச் சாக்கில் கொட்டினார்கள். மாலை இன்னும் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கேன்டீன் சுவரோரம் நின்று அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக, முப்பத்தைந்து வயதில் அழுதேன். செல்வி அன்றைக்கு ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. சூடாக ரசம் வைத்துத் தந்தாள். ஏழுமலை பிரியாணியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. செல்வி வழக்கம் போல மிக்சி, தையல் மெஷின், ஸ்கூட்டர் சாவி, என் சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் ஹாலில் வரிசையாக வைத்துச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள். வாழை இலையோடு உள்ளே வந்த ஏழுமலையைக் கையைப் பிடித்து இழுத்து, மிக்சிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் உட்கார வைத்தாள். நெற்றியில் சந்தனம், குங்குமம் வைத்தாள்.

"என்னாக்கா இது?"

"சும்மா இர்றா. அவரு மெஷின்ல ஓடின பார்ட்டுன்னு பார்த்தா நீ ஒருத்தன்தான். நீயாச்சும் இருக்கியே."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இப்போது ஏழுமலை யு.பி.எஸ். பேட்டரி ஏஜென்சி வைத்திருக்கிறான். கார், வீடு, என்னை விடப் பெரிய தொப்பை எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தவறாமல் வந்து, மிக்சி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். அவன் பிள்ளைகள் சாம்பிராணிப் புகையை அவன் முகத்துக்கு நேரே ஊதிவிட்டு, "மாமான்னு சொல்லுப்பா" என்று குதிக்கும். அவனும் கடனே என்று இருமி, "கண்ணு எரியுது மாமா" என்பான். பூஜை முடிந்தபின் சோபாவில் நீட்டிப் படுத்துக்கொள்வான். செல்வி, "டேய், கடைக்குப் போயி பால் வாங்கிட்டு வாடா" என்றால், அசையாமல், "பூஜைக்கு வெச்சதை இன்னிக்குத் தொடக்கூடாதுக்கா, வேலை வாங்கக்கூடாது" என்பான்.

நான்தான் எழுந்து போய்ப் பால் வாங்கி வருவேன். போகும்போதெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு போவேன். இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு, உள்ளே ஏறி உட்காருவதற்கு முன்னால், அந்தத் தடியன் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?