பெல் அக்கா சைக்கிளோடு கனடா போன கதை

திருகோணமலைத் துறைமுக வீதியில் எவருக்கும் ஒதுங்கி வழிவிடாதவை இரண்டுதான். ஒன்று, ஊருக்குள் திரியும் மான். மற்றது எங்கள் பெல் அக்கா. மான்களாவது மழை பெய்தால் ஒதுங்கும்.

பெல் அக்கா எங்கள் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்தார். கப்பல் பத்திரங்களைச் சுங்கத்துக்கும் இறங்குதுறைக்கும் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவது அவர் பொறுப்பு. காலையில் லிங்கநகரில் அடிக்கத் தொடங்கும் சைக்கிள் மணி, அலுவலக வாசலில்தான் ஓயும். வீதியில் ஆள் இல்லாவிட்டாலும் அடிப்பார். கேட்டால், "இனி வரப்போறவைக்கு" என்பார்.

ஒருமுறை இறங்குதுறையில் சைக்கிள் ஸ்டாண்ட் இறுகிக்கொண்டது. பக்கத்தில் சும்மா நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் கையில் ஹாண்டிலைத் திணித்துவிட்டு, கப்பலில் ஏறித் தட்டுத் தட்டாகக் கப்டனைத் தேடினார். கப்டன் கீழே சைக்கிள் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்காவின் ஒரே மகன் ரொறொன்ரோவில். மருமகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, ஆறு மாதம் வந்து நில்லுங்கள் என்று போன் எடுத்தான். அக்கா போனில் கதைத்தால் அலுவலகம் முழுவதும் வேலையை நிறுத்திவிடும். எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"வாறன். சைக்கிளும் வரும்."

"அம்மா, இஞ்ச ரெண்டு கார் நிக்குது."

"அது நீ நினைச்ச இடத்துக்குத்தானே போகும்."

"சரி, இஞ்ச புதுசு வாங்கித் தாறன்."

"புதுசு உன்ர சொல்லுக் கேக்கும். இது என்ர சொல்லுக் கேக்கும்."

அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது எங்களுக்கும் கேட்டது.

சைக்கிளை எதில் கொண்டுபோவது? பெரிய அட்டைப் பெட்டி, விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டிக்குள்ளேயே நுழையாது. அப்போதுதான் உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் ஒருவர், தோளில் கொழுவி வந்த பையிலிருந்து ஒரு முழுச் சைக்கிளைத் துண்டு துண்டாக எடுத்துப் பூட்டுவதை அக்கா கண்டார். அவரை மறுபடி கழற்றிப் பூட்டச் சொல்லி இரண்டாம் தரமும் பார்த்தார். அடுத்த நாளும் அக்கா வருவதைக் கண்டு அந்த மனுசன் கடலுக்குள் இறங்கிவிட்டாராம்.

அதே மாதிரி ஒன்று தைக்கவேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனார். அங்கே ஓட்டோ சீற் தைக்கும் முஸ்லிம் அண்ணர் ஒருவர், ஊருக்கே 'நானா', சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"சீற்றுக்கு மட்டுமா, முழு உடுப்பா?"

"முழு உடுப்பு நானா. உள்ளுக்கு மெத்தெண்டு இருக்கோணும். வெளியில சின்னனாத் தெரியோணும்."

சில்லுகளைக் கழற்றி, ஹாண்டிலைத் திருப்பி, மணமகளுக்குச் சட்டை அளப்பதுபோல நானா அளவெடுத்தார். உள்ளே தடித்த ஸ்பொஞ், வெளியே ஓட்டோவுக்கு வெட்டி மிஞ்சிய சிவப்பு ரெக்சின். ஒரு பக்கம் மட்டும் வெள்ளைப் பூ. நிறையைக் குறைக்க மட்கார்ட், கரியர், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் வீட்டில் விட அக்கா சம்மதித்தார். மணிக்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

"மணி இல்லாட்டி அது வேற ஆற்றையோ சைக்கிள்."

விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். கந்தளாயில் தேநீர் குடிக்க வானை நிறுத்தினோம். இவ்வளவு பாடுபட்டுச் சைக்கிளை ஏன் கொண்டுபோகிறார் என்று அங்கேதான் கேட்டேன். மருமகள் திட்டுவாள் என்றோ, பனியில் வழுக்கும் என்றோ ஏதாவது பகிடிக் கதை வரும் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கட பெரியக்காவும் அந்த ஊரிலதான் தம்பி. பேரப்பிள்ளையளைப் பாக்கவெண்டு போனது, பிறகு வரவேயில்லை. சாப்பாடு, உடுப்பு ஒண்டுக்கும் குறையில்லை. ஆனா கடைக்குப் போறதெண்டாலும் ஆரும் கூட்டிக்கொண்டு போகோணும். அவையளுக்கு எங்க நேரம்? ஜன்னலடியில இருக்குதாம். நானும் போய் இன்னொரு ஜன்னலடியில இருந்தா, ரெண்டு பேரும் ஒரு ஊரில இருந்து என்ன பிரயோசனம்?"

சொல்லிவிட்டு, தேநீரில் சீனி காணாது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார்.

விமான நிலையத்தில் என்னை உள்ளே விடவில்லை. பை போகும் திசையெல்லாம் உள்ளே மணி அடித்தது. வெளியே நின்ற எனக்கும் கேட்டதென்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டும். மற்றதை அக்கா பிறகு போனில் சொன்னார். பொதி நிறுக்கும் இடத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை.

"உள்ளுக்கு என்னம்மா?"

"சைக்கிள்."

"பேரப்பிள்ளைக்கோ?"

"எனக்கு."

"விளையாட்டுச் சாமானெண்டா வேற விதியம்மா. போட்டிக்கோ போறீங்கள்?"

"ஓம்."

"ஆரோட?"

"மகனோட."

அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரயரில் காற்றைக் குறைக்கச் சொன்னது. "காத்துக்கும் நிறையோ?" என்று அக்கா கேட்டார். இல்லை, விமானத்துக்குப் பாதுகாப்பு என்றதும் அந்த இடத்திலேயே பையைத் திறந்து காற்றை விட்டார். அந்தச் சீறலில் பின்னால் நின்ற வரிசை சுவரோடு ஒட்டிக்கொண்டது.

கனடாவில் பேத்தி பிறந்தாள். பத்தியம், குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் ஓய்ந்தபிறகு அக்கா சைக்கிளைப் பொருத்திக்கொண்டு பெரியக்கா வீட்டுக்கு வெளிக்கிட்டார். அந்த ஊரில் வாகனங்கள் எல்லாம் பிழையான பக்கத்தால் வந்தன என்பது அவருடைய முறைப்பாடு. அடுத்த தெருவிலேயே வழி தவறிவிட்டது. மகன் காரில் தேடிப் பிடித்தான். பயந்துபோயிருந்தான். சைக்கிளைப் பல்கனியில் பூட்டித் திறப்பைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. சமைத்தார், பிள்ளையைத் தூங்கவைத்தார். மகனோடு மட்டும் ஒரு சொல் கதைக்கவில்லை. எனக்கு எடுத்தபோது ஸ்பீக்கரிலும் போடவில்லை. "ஏலாது தம்பி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எந்தக் கப்டனுக்கும் அசையாத மனுசி சொன்ன சொல் அது. பெரியக்காவைப்போல அவரும் திரும்பி வரப்போவதில்லை என்றே நினைத்தேன்.

காப்பாற்றியது மருமகள். ஒருநாள் மகன் குளிக்கும் நேரம் திறப்பை எடுத்துவந்து மாமியின் கையில் வைத்தாளாம்.

"போனில வழி போட்டிருக்கிறன் மாமி. அது சொல்லுற பக்கம் திரும்புங்கோ. அவருக்கு நான் சொல்லுறன்."

அக்கா போனார். வழியில் மூன்று இடத்தில் இறங்கி உருட்டினார். ஒரு பாலத்தடியில் இருந்து மூச்சு வாங்கினார். மத்தியானம்போலப் பெரியக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த பெரியக்கா, தங்கையைத் தாண்டி வாசலில் காரைத் தேடினாராம்.

"ஆர் கொண்டுவந்து விட்டது?"

"ஆரும் விடேல்லை. நான்தான் வந்தனான்."

"அப்ப எப்ப வந்து கூட்டிக்கொண்டு போவினம்?"

"நான் போகேக்க போவன்."

பெரியக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாராம். பிறகு இரண்டு பேருமாகச் சைக்கிளை நடுவில் உருட்டிக்கொண்டு தெருமுனைக் கடைவரை நடந்துபோய், கருவேப்பிலை வாங்கி வந்தார்கள். வீட்டில் கருவேப்பிலை இருந்தது என்றும் அக்கா சொன்னார்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் போனார். குளிர் தொடங்கியதும் அந்த வேலையை மகனே ஏற்றுக்கொண்டான். காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எப்போது வரவேண்டும் என்று கேட்டுப் போவானாம்.

ஆறு மாதம் முடிந்து வரும் நாளை எனக்குச் சொன்னபோது, "ஆரும் வரத் தேவையில்லை, நான் பஸ்சில வருவன்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் விமான நிலையத்தில் போய் நின்றேன். வண்டிலில் சிவப்புப் பையைத் தள்ளிக்கொண்டு வந்தவர், என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"உனக்கு அங்க வேலை ஒண்டுமில்லையோ?"

"இல்லையக்கா" என்றேன்.

அன்றைக்குத் துறைமுகத்தில் எங்கள் அலுவலகம் பார்க்கவேண்டிய இரண்டு கப்பல்கள் வந்து நின்றன.